மாப்பிள்ளைச் சொதி வழக்கு

ஆவுடையப்பன் அண்ணாச்சி என் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது கையில் ஒரு தூக்குவாளி இருந்தது. கட்சிக்காரர்கள் என்னிடம் அழுதுகொண்டு வருவார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு வருவார்கள். தூக்குவாளியோடு வந்தவர் அவர் ஒருவர்தான். மேசையில் வைத்து மூடியைத் திறந்தார். தேங்காய்ப்பாலும் இஞ்சியும் பச்சை மிளகாயும் சேர்ந்த அந்த வாசனையில், காலையில் சாப்பிட்ட இட்லியெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

“சொதி, வக்கீலம்மா. ஆறுறதுக்குள்ள சாப்பிட்டிருங்க. இனிமே இத நான் வச்சா குத்தமாம்லா.”

திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் கல்யாணங்களில், மறுநாள் மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குச் சொதி ஊற்றாவிட்டால் கல்யாணம் பாதிதான் நடந்தது என்று கணக்கு. நான் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் கல்யாணங்களில் பிரியாணிதான். ஆனாலும் சிநேகிதிகளின் மறுவீடுகளுக்குக் கூப்பிடாமலே போய் முதல் பந்தியில் உட்கார்ந்தவள் இந்த ஜெபக்கனி. அண்ணாச்சியை அப்படித்தான் தெரியும். நெல்லைச் சீமையில் சொதி என்றால் ஆவுடையப்பன் என்று எல்லாரும் சொல்வார்கள். எல்லாரும் சொல்வதற்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார்.

“யார் கேஸ் போட்டது?” என்றேன், வாயில் உருளைக்கிழங்கோடு.

“நாவினி கம்பெனிக்காரன். ரயில்லயும் ஏர்போர்ட்டுலயும் பாக்கெட்டுல சொதி விக்கான்லா, அவன். வண்ணார்பேட்டை மண்டபத்துல என் சொதியப் பந்திக்கு எடுக்கும்போது பெட்டி கூவிட்டு. அவன் சொதியும் என் சொதியும் ஒண்ணாம்.”

பெட்டி என்று அவர் சொன்னது சுவைமானியை. ஒரு காலத்தில் சுவைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. பாட்டை எழுதி வைக்கலாம், படத்தைப் பதிந்து வைக்கலாம், நாக்கில் பட்டதை எதில் வைப்பது? ஒருவருக்கு உறைப்பது இன்னொருவருக்குச் சப்பென்றிருக்கும் என்று சொல்லி, வெளிநாட்டு நீதிமன்றம் ஒன்று பாலாடைக்கட்டி வழக்கு ஒன்றையே தள்ளிவிட்டது. சட்டக் கல்லூரியில் அதைப் படித்துவிட்டுச் சிரித்தோம். அப்புறம் சுவைமானி வந்தது. இட்லிச் சட்டி அளவுப் பெட்டி. ஒரு துளி விட்டால் போதும், அந்தச் சுவையைக் கைரேகை மாதிரி வரைந்து காட்டும். எந்த ஊரில் எந்தப் பெட்டியில் விட்டாலும் அதே ரேகை. அளக்க முடியாது என்ற தடை போனதும் சுவையுரிமைச் சட்டம் வந்துவிட்டது. யார் முதலில் பதிகிறாரோ அவருக்கே சுவை.

சமையல்காரர்களின் கைப்பக்குவத்தைப் பெரிய ஓட்டல்கள் திருடாமலிருக்கத்தான் சட்டம் என்றார்கள். நல்ல எண்ணம்தான். நடந்தது வேறு. பெருமாள்புரத்தில் ஒரு மாமியார் தன் மீன்குழம்பைப் பதிந்து வைத்துக்கொண்டு, தனிக்குடித்தனம் போன மருமகளுக்கு நோட்டீஸ் விட்டார். வீட்டு அடுப்புக்கு விலக்கு உண்டு, பந்தி போட்டால்தான் சட்டம் என்று நான் போய் வாதாடி அந்தப் பெண்ணை மீட்டேன். மண்டபங்களில் பந்திக்குப் போகும் ஒவ்வொரு வாளியும் சுவைமானியைத் தாண்டித்தான் போக வேண்டும். பதிந்த சுவையென்று அது கூவிவிடுமோ என்று பயந்து, ரேகை மாறட்டுமென்று சமையல்காரர்கள் சாம்பாரில் வெந்தயத்தை அள்ளிப் போட்டார்கள். ஊரே கொஞ்ச காலம் கசப்பாகச் சாப்பிட்டது.

“நீங்க ஏன் அண்ணாச்சி பதிஞ்சு வைக்கல?”

“சொதியப் போயி யாராவது பதிவாங்களா? காத்துக்குப் பட்டா வாங்குவோமா?” என்றார். பிறகு குரல் இறங்கியது. “எம் மக உலகுக்குத் தை மாசம் கல்யாணம். மறுவீட்டுக்கு நான் சொதி வைக்கணும். ஊருல உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் வச்ச கை இது. எம் மகளுக்கு இன்னொருத்தன் வச்சான்னா நான் இருந்தும் இல்லாத மாதிரிதான். அத மட்டும் நீங்க வாங்கிக் குடுத்திருங்க.”

அந்தத் தூக்குவாளியை வழித்து முடித்தபோதே நான் வழக்கை எடுத்துக்கொண்டுவிட்டேன். மற்றதெல்லாம் சம்பிரதாயம்.

“கவலைப்படாதீங்க. ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி அமையலாம். தனித்தனியாப் படைச்சா குத்தமில்லன்னு சட்டத்துலயே இருக்கு. அவங்க சொதிய நீங்க ஒரு தடவகூடச் சாப்பிட்டதில்லன்னு காட்டிட்டா போதும். பாக்காததக் காப்பியடிக்க முடியாதுல்லா?”

அண்ணாச்சி காலி வாளிக்குள் பார்த்தார்.

“சாப்பிட்டிருக்கேனே. மதுரக் கண்காட்சியில. வீடியோ எடுத்தாங்க.”

அன்று மாலையே வீடியோவைப் பார்த்தேன். நாவினி அதை விளம்பரமாகவே போட்டு வைத்திருந்தது. அண்ணாச்சி ஒரு கிண்ணம் குடித்து, இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடித்து, கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்: “ருசின்னா இதுல்லா ருசி! தாமிரவருணித் தண்ணியில வச்ச மாதிரி இருக்கு. இத வச்ச கைக்குத் தங்கக் காப்பு போடணும்வே!” நுணலும் தன் வாயால் கெடும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததோடு சரி. அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

வேறு வழி தேட வேண்டும். அவர் சமைப்பதை ஒருமுறை முழுக்கப் பார்த்துவிடலாம் என்று குறுக்குத்துறையில் அவர் வீட்டுக்குப் போனேன். வீட்டு அடுப்புதான், விலக்கு உண்டு.

ஆற்றங்காற்று வரும் பெரிய சமையலறை. அண்ணாச்சி அங்கே வேறு ஆள். வாய் பேசாது, கைதான் பேசும். பாசிப்பருப்பைக் குழைய விட்டார். காய்களை மூன்றாம் பாலில் வேகவிட்டு, இரண்டாம் பால் ஊற்றி, அடுப்பை அணைத்த பிறகு முதல் பாலை விட்டார். சூடு சற்று அடங்கியதும் எலுமிச்சை பிழிந்தார். ஒரு முறைகூடக் கரண்டியைக் கையில் சாய்த்து நாக்கில் வைக்கவில்லை.

“ருசி பாக்க மாட்டீங்களா அண்ணாச்சி?”

“சாமிக்கு முன்னாடி எவனும் நாக்குல வைக்கக் கூடாது. என் சமயக்கட்டுல அதான் சட்டம். உங்க சட்டத்துக்கு விலக்கு உண்டு, இதுக்குக் கெடயாது.” பானையை மூடினார். “எல்லாரும் வெளிய வாங்க. பிள்ளையாரு சாப்பிடட்டும்.”

அவருடைய மகள் உலகம்மை ஒரு சின்ன வாழையிலையோடு உள்ளே போனாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணப் பெண்ணுக்குரிய மினுமினுப்பும் டீச்சருக்குரிய அதட்டலும் கலந்த முகம். சமையலறை மாடத்தில் கருத்துப்போன ஒரு பிள்ளையார் இருந்தார். வெங்காயம் போட்ட சொதி அவருக்கு ஆகுமா என்று கேட்டதற்கு, “எங்க பிள்ளையாரு திருநெல்வேலிக்காரரு, சாப்பிடுவாரு” என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணாச்சி கொல்லைப்புறம் வந்து முருங்கை மரத்தடியில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் கதவு திறந்தது.

“அப்பா, சாமி சாப்பிட்டாச்சு.”

பிறகு எனக்கும் இலை போட்டார்கள். இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குச் சிப்ஸ், சொதி. சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். “அந்த வீடியோவுல ஏன் அண்ணாச்சி அப்படிப் புகழ்ந்தீங்க? போட்டிக்காரன் சொதிய யாராவது அப்படித் தூக்கி வைப்பாங்களா?”

உலகம்மை தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். அவர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் இலைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“எனக்கு ருசி தெரியாது, வக்கீலம்மா.”

கையிலிருந்த சிப்ஸ் அப்படியே நின்றது.

“அந்தப் பெரிய காய்ச்சல் வந்துச்சுல்லா, அதுல மூக்கும் போச்சு, நாக்கும் போச்சு. எல்லாருக்கும் திரும்பி வந்துட்டு. எனக்கு வரல. காப்பியும் வெந்நியும் ஒண்ணுதான்.”

“அப்புறம் எப்படிச் சமைக்கீங்க?”

“கைக்குத் தெரியும்லா. மதுரையில சுத்தி நின்னவன் எல்லாம் தலைய ஆட்டுனான். நான் ரெண்டு மடங்கு ஆட்டுனேன். தெரியாதவன்தானம்மா கூடுதலாப் புகழணும்?”

எனக்குள் இருந்த மனுஷி கலங்குவதற்குள் வக்கீல் துள்ளிக் குதித்துவிட்டாள். அதற்காக என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். “அண்ணாச்சி! நாம ஜெயிச்சாச்சு! கண்ணு தெரியாதவரு படத்தப் பாத்துக் காப்பியடிச்சாருன்னு சொல்ல முடியுமா? நாக்கு தெரியாதவரு எப்படிச் சுவையக் களவாடுவாரு? மன்றத்துல இதச் சொன்னாப் போதும்.”

“ஊரு முன்னாடியா?”

“ஆமா.”

“நாக்கு செத்தவன் கையில எவன் சாப்பிடுவான்?”

உலகம்மை செம்போடு வந்து என் தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். அவள் குனிந்து ஊற்றுவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சரி, சொல்லிருவோம்” என்றார். “இவ மறுவீட்டுக்குச் சொதி வச்சா போதும். அதுக்கப்புறம் எவனும் கூப்பிடாட்டாப் போறான்.”

வழக்கு மதுரையில், சுவையுரிமை மன்றத்தில். தலைவர் சுலைகா பேகம். சாதுவான முகம். ஆனால் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தால் யாருக்கோ கெட்ட நேரம் என்று வக்கீல்களுக்குத் தெரியும். நாவினிக்காகச் சென்னையிலிருந்து வக்கீல் நிரஞ்சன் வந்திருந்தார். சுறுசுறுப்பான பையன், கெட்டிக்காரன், இஸ்திரி கலையாதவன். பார்வையாளர் வரிசையில் தெற்குச் சீமைச் சமையல்காரர்கள் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சிக்கு ஆதரவாகப் பாதி, வேடிக்கை பார்க்க மீதி.

வீடியோ ஓடியது. “தங்கக் காப்பு போடணும்வே” என்ற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து, என் கட்சிக்காரருக்குச் சுவை தெரியாது என்று சொன்னேன். சிரிப்பு நின்றது.

மன்றத்தின் மருத்துவர் இரண்டு தம்ளர் கொண்டுவந்தார். ஒன்றில் பாயசம், இன்னொன்றில் நிலவேம்புக் கசாயம். இரண்டும் ஒரே கெட்டியில், ஒரே சூட்டில். அண்ணாச்சியின் கண்ணைக் கட்டினார்கள். முதலில் கசாயத்தைக் கொடுத்தார்கள். நாங்கள் எல்லாரும் அறியாமலே முகத்தைச் சுளித்தோம். அவர் சுளிக்கவில்லை, மடக் மடக்கென்று குடித்தார். பிறகு பாயசத்தையும் குடித்தார்.

“எது பாயசம்?” என்று தலைவர் கேட்டார்.

வழக்கம்போல ஏதாவது அள்ளிவிட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.

“தெரியலம்மா. ரெண்டும் எனக்குத் தண்ணிதான்.”

பின்வரிசையில் யாரோ “அட பாவமே” என்றார். கண்கட்டை அவிழ்த்ததும் அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வாழ்நாளெல்லாம் தன் நாக்கைப் பற்றிப் பீற்றிக்கொண்டவர், தொழில்காரர்கள் முன்னால் இதைச் சொல்லிவிட்டு நின்றார்.

தலைவர் கேட்டார். “உங்கள் சமையலில் வேறு யாராவது ருசி பார்ப்பது உண்டா?”

“சாமிக்கு முன்னாடி எவனும் நாக்குல வைக்கக் கூடாதும்மா. எங்க சமயக்கட்டுச் சட்டம் அது.”

தலைவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். நிரஞ்சன் எழுந்தார். காப்பியடித்தார் என்ற வாதம் செத்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சும்மா உட்காருகிற ஆளா?

“ரொம்ப சந்தோஷம், மேடம். அவர் காப்பியடிக்கலன்னே வச்சுக்கலாம். ஆனா அவர் கேக்கறது என்ன? ‘நான் தனியாப் படைச்சேன், அதனால எனக்கு விலக்கு குடுங்க’ன்னு கேக்கறார். படைச்சேன்னு சொல்லணும்னா படைப்பாளியா இருக்கணும் இல்லையா? கைதவறி மை கொட்டிச் சட்டையில கறை ஆச்சுன்னா, அது ஓவியமா? சுவைங்கறது நாக்குல உணர்றது. உணராதவர் அதுக்குப் படைப்பாளி ஆக முடியாது. அவர் பண்ணது ஒரு பழக்கம். படைப்பு இல்ல. அதனால விலக்கும் இல்ல. தடை நிக்கணும்.”

அழகான வாதம். எனக்கே பொறாமையாக இருந்தது. அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். நான் மேசையிலிருந்த காகிதங்களைப் புரட்டினேன். அவமானமும் பட்டு, சொதியும் போய், மகளின் மறுவீட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் போகிறார் என்று நினைத்தேன்.

சுலைகா பேகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“நிரஞ்சன், நல்ல வாதம். உணராதவர் படைப்பாளி இல்லை. இதுதானே?”

“ஆமாம், மேடம். அதுதான் எங்க நிலைப்பாடு.”

“பதிவு செய்துகொள்ளலாமா?”

“தாராளமா.”

“அப்படியானால் ஒரு சந்தேகம்.” துடைத்துக்கொண்டே கேட்டார். “உங்கள் சொதியை நாக்கில் வைத்து, இதுதான், இப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தது யார்? அவர் பெயர் என்ன?”

நிரஞ்சன் பக்கத்திலிருந்த கம்பெனி அதிகாரியிடம் குனிந்தார். அந்த மனிதர் காதில் ஏதோ சொன்னார். நிரஞ்சனின் இஸ்திரி அப்போதுதான் முதன்முதலாகக் கலைந்தது.

“அது... எங்க கணினி உருவாக்கினது, மேடம். மண்டபங்கள்ல இருக்கற சுவைமானிகள்லேர்ந்து லட்சக்கணக்கான ரேகைகளப் படிச்சு, அதுவே புதுச் சுவைகள உண்டாக்கும். உண்டானதும் தானாவே பதிவாயிடும். இது அதுல ஒண்ணு.”

“பதிவதற்கு முன்னால் மனிதர் யாராவது சாப்பிட்டார்களா?”

“பாக்கெட் போட்டப்புறம்தான்.”

“அந்தக் கணினிக்கு நாக்கு உண்டா?”

பின்வரிசைச் சமையல்காரர்களுக்குத்தான் முதலில் புரிந்தது. ஒருவர் “சொந்தக் காசுல சூனியம்” என்று உரக்கவே சொல்லிவிட்டார். தலைவர் கண்டிக்கவில்லை.

தீர்ப்பு ரொம்பச் சின்னது. உணராதவர் படைப்பாளி அல்ல என்ற நாவினியின் வாதத்தை மன்றம் ஏற்கிறது. எனவே நாவினியின் பதிவு செல்லாது. ஆவுடையப்பனும் உரிமை கோர முடியாது. இந்தச் சொதிக்குப் படைப்பாளி இல்லை. ஆகவே இது எல்லாருக்கும் பொது. மேற்படி கணினி பதிந்த மற்ற சுவைகளும் இதே விதிக்கு உட்பட்டவை.

கடைசி வரி காதில் விழுந்ததும் பின்வரிசை எழுந்து கைதட்டியது. பயந்துகொண்டு வெந்தயம் போட்டவர்கள் அல்லவா! அண்ணாச்சிக்குப் பாதிதான் புரிந்தது. “அப்போ நான் வைக்கலாமா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“வைக்கலாம் அண்ணாச்சி. யாரும் வைக்கலாம்.”

“யாரு வேணாலும் வச்சுக்கிடட்டும். என்னை மாதிரி வருமா?” என்றார். சரி, ஆள் பழையபடி ஆகிவிட்டார் என்று நிம்மதியானேன்.

அவர் பயந்தது கொஞ்சம் நடந்தது. ஒன்றிரண்டு கல்யாண வீட்டார் வேறு சமையல்காரரைப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் பத்திரிகைகளில் செய்தி வந்த பிறகு கதை தலைகீழானது. நாக்கு இல்லாமலே இப்படிச் சமைக்கிறாராமே, கையிலேயே ருசி இருக்கிறதாமே என்று தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அண்ணாச்சி முன்பு நாக்கைப் பற்றிப் பீற்றிய நேரத்தில் இப்போது கையைப் பற்றிப் பீற்றினார்.

தை மாதம் உலகம்மையின் கல்யாணம் நடந்தது. மறுவீட்டு விருந்துக்கு என்னை முறையாகவே அழைத்திருந்தார்கள். முதல் பந்தியில், மணமக்களுக்கு எதிர்வரிசையில் இடம். அண்ணாச்சியே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து மாப்பிள்ளை இலையில் முதலில் சொதி ஊற்றினார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்ததற்காகவே இன்னும் பத்து வழக்கு நடத்தலாம் என்று தோன்றியது. அடுத்து மகள் இலை, அப்புறம் என் இலை.

நான் ஆசையாகப் பிசைந்து வாயில் வைத்தேன். சப்பென்று இருந்தது.

உப்பு இல்லை. எலுமிச்சையும் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்து இலைக்காரர்களைப் பார்த்தேன். நாகரிகம் தெரிந்தவர்கள், தலையைக் குனிந்துகொண்டு பச்சடியைத் தொட்டுக்கொண்டார்கள். மாப்பிள்ளை, பாவம், “பிரமாதம் மாமா” என்றார். அவரும் என் கட்சிக்காரர் வழியில்தான் போவார் போல.

உலகம்மை ஒரு வாய் வைத்தாள். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் பார்க்காத மாதிரி கூரை விசிறியைப் பார்த்தார். அவள் எழுந்துவிட்டாள். புதுப்பெண் பந்தி நடுவில் எழுவதாவது! மாப்பிள்ளை வீட்டு அத்தைமார் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அண்ணாச்சி வாளியோடு வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

பிறகு கதவு திறந்தது. இரண்டாம் முறை சொதி வந்தது. அதுதான் சொதி. அன்றைக்கு என் மேசைக்குத் தூக்குவாளியில் வந்த சொதி. பந்தியே நிமிர்ந்து உட்கார்ந்தது.

சாப்பிட்டு முடித்து, கை கழுவும் குழாயடியில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

“எத்தன வருசமா நடக்கு இது?”

அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். “ப்ளஸ் ஒன் படிக்கும்போதிருந்து, அக்கா. பிள்ளையாருக்கு இலை போடப் போனேன். பிரசாதம்தானேன்னு நாக்குல வச்சுப் பாத்தா உப்பே இல்ல. ஒரு பிடி போட்டேன். அப்பாவோட கை கொஞ்சங் கொஞ்சமா மறந்துக்கிட்டே வந்துட்டு. உப்பு, புளிப்பு, சில நாள் இஞ்சிச் சாறும். வெளியூர்ச் சமையல்னாலும் ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டுக் கூடப் போயிருவேன். நேத்திக்கும் இன்னைக்கும்தான் உள்ள போக முடியல.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியாமலா? நான் முடிக்கிற வரைக்கும் வெளிய செருமிக்கிட்டே நிப்பாங்க. நாங்க ரெண்டு பேரும் இதப் பத்தி ஒரு வார்த்த பேசினதில்ல.”

“மன்றத்துல அவரு வேற யாரும் ருசி பாக்க மாட்டாங்கன்னு...”

“சாமிக்கு முன்னாடி பாக்க மாட்டோம்னு சொன்னாங்க. சாமிக்குப் பின்னாடி என்னன்னு நீங்க யாரும் கேக்கலையே?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெபம் முடிந்த பிறகுதான் தட்டில் கை வைக்க வேண்டும் என்று அடித்து வளர்க்கப்பட்டவள் நான். முன்னாடி இல்லையென்றால் பின்னாடி உண்டு என்று எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்?

“நீ நாவினி சொதி சாப்பிட்டிருக்கியா?” என்றேன். வக்கீல் புத்தி.

“ஒரே ஒரு தடவ, கல்யாணப் பேச்சுக்குப் போகும்போது ரயில்ல. அதுக்கப்புறம் கொஞ்ச நாள்லயே கேஸ் வந்துட்டு. எங்க சொதி மாதிரியே இருந்துச்சு. எனக்குக் கோவங்கூட வந்துச்சு.”

அப்படியானால் நாவினியின் கணினி எங்கே படித்தது என்று தெரிந்துபோயிற்று. மண்டபத்துப் பெட்டிகள் வருஷக்கணக்காக இவள் கை உப்பைத்தான் அளந்திருக்கின்றன.

“உலகு, கேட்டுக்கோ. நாவினி பதிவு செல்லாதுங்கறது சரியான தீர்ப்பு, அது மாறாது. ஆனா சொதிக்குப் படைப்பாளி இல்லன்னு சொன்னது தப்பு. உணர்ந்து முடிவு பண்ணது நீ. நீ போய்ச் சொன்னா அது உன் பேருக்கு வரும். உன்னக் கேக்காம எந்தப் பந்தியிலயும் இந்தச் சொதிய ஊத்த முடியாது.”

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். கணக்கு டீச்சர் அல்லவா, சரியாகத்தான் யோசித்தாள்.

“அப்போ மத்த பிள்ளைகளோட மறுவீட்டுக்கு?”

“உன்கிட்ட அனுமதி வாங்கணும்.”

“வேண்டாங்க்கா. எல்லாரும் வைக்கட்டும். அப்பா வைக்கிறது அப்பா கைச் சொதின்னே இருக்கட்டும். ஊரு சொல்லுததக் கேட்டு எவ்வளவு குளுந்து போயிருக்காங்க, பாத்தீங்கள்லா?” என்றவள், கூடத்துப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “நான் நாளைக்குக் கோயம்புத்தூர் போயிருவேன். அதுதான் கவலையா இருக்கு.”

நான் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன். மறைத்தால் யாருக்கும் நஷ்டமில்லாத ஓர் உண்மை. அதன் சொந்தக்காரியே வேண்டாம் என்கிறாள். படைப்பாளியின் பெயரைக் கண்டுபிடித்துக் கொடுக்கத்தான் நான் சட்டம் படித்தேன். பெயர் வேண்டாம் என்கிற படைப்பாளியை என்ன செய்வதென்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. அவள் சொன்னபடியே விட்டுவிட்டேன். மனசுக்கு நிறைவாகத்தான் இருந்தது.

மாசி பிறந்ததும் அண்ணாச்சி வந்தார். கையில் தூக்குவாளி. திறந்து பார்த்தேன், காலி.

“என்ன அண்ணாச்சி, வெறும் வாளி?”

“வார ஞாயித்துக்கிழம சங்கர் நகர்ல ஒரு மறுவீடு.” உட்காரவில்லை. வாளியின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே நின்றார். இவ்வளவு குறைவாகப் பேசி அவரை நான் பார்த்ததில்லை. “உலகு ஊருல இல்ல. பிள்ளையாருக்கு இலை போட ஆளு வேணும். நம்பிக்கையான ஆளா இருக்கணும். நீங்க வந்தா, வாளி நிறையச் சொதி கொண்டு போகலாம்.”

“அண்ணாச்சி, நான் ஞாயித்துக்கிழம சர்ச்சுக்குப் போறவ.”

“ஆராதன முடிஞ்சே வாங்கம்மா. பிள்ளையாரு காத்திருப்பாரு. அவரு அதெல்லாம் பாக்க மாட்டாரு.”

அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. கூரை விசிறியைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குக் கட்டிய புடவையோடு சங்கர் நகர் போனேன். அண்ணாச்சி எலுமிச்சை பிழிந்து முடித்துப் பானையை மூடினார். “எல்லாரும் வெளிய வாங்க” என்றார். நான் வாழையிலையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். குறுக்குத்துறையிலிருந்து பிள்ளையாரையும் கூடவே கொண்டுவந்து அலமாரியில் வைத்திருந்தார். இலை போட்டு ஒரு கரண்டி ஊற்றினேன். என்ன சொல்வதென்று தெரியாமல் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு ஜெபத்தைச் சொன்னேன். பிள்ளையார் ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை.

பிறகு உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்தேன். வெளியே அண்ணாச்சி செருமும் சத்தம் கேட்டது. உப்பு ஜாடியை இழுத்து ஒரு பிடி போட்டுக் கிளறினேன். மறுபடி பார்த்தேன். அரை மூடி எலுமிச்சை. மறுபடி பார்த்தேன். இதுதான், இப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது.

சுலைகா பேகத்தின் தீர்ப்புப்படி அந்த நிமிஷத்தில் நான் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

“அண்ணாச்சி, சாமி சாப்பிட்டாச்சு.”